கீழ விழுந்த சாமி, தெருவுல நிக்கற ஜனம்: என் ஃபேன்டஸி நாவலோட க்ளைமாக்ஸ்ல மாட்டிக்கிட்டேன், உதவுங்க

விளக்குத்திரி (கேள்வி)

எல்லாருக்கும் வணக்கம். ஒன்றரை வருஷமா ஒரு ஃபேன்டஸி நாவல் எழுதிட்டு இருக்கேன், 62,000 வார்த்தை தாண்டிடுச்சு, கடைசி கால்வாசிக்கு வந்ததும் அப்படியே நின்னு போச்சு. கதை இதுதான். ஒரு பெரிய நகரம், அந்த ஊர் ஜனங்க தினமும் காலைல ஒரு சத்தியம் சொல்லுவாங்க, அந்த சத்தியத்துலதான் ஊரோட சாமி உயிர் வாழுது. மந்திரவாதிங்க சங்கம் ஒண்ணு மெதுமெதுவா அந்த சத்தியத்த மறக்கடிச்சுடுது, நாப்பது வருஷத்துக்கு முன்னாடி ஒரு ராத்திரி சாமி வானத்துல இருந்து கீழ்த்தெரு மேல விழுந்து செத்துப் போகுது, இல்ல செத்த மாதிரி கெடக்குது. அது மேலயே மண்ணக் கொட்டி திரும்ப வீடு கட்டிடறாங்க. இப்ப சங்கம் அந்த எலும்பத் தோண்டி எடுத்து அரைச்சு பொடியாக்குது. அந்தப் பொடிதான் ஊருக்கு வெளிச்சம், மேடான தெருவுக்கு தண்ணி ஏறுறது, எல்லாமே.

என் நாயகி எலும்பு அரைக்கிற பட்டறைல வேலை செய்றவ. பதினாலு வயசுல இருந்து அரைக்கிறா, நெஞ்சு பூரா அந்தத் தூசி, அவ இருமினா பக்கத்துல இருக்கற விளக்கு ஒரு செகண்ட் மங்கி எரியும். (இந்த ஒரு விஷயம் மட்டும் எனக்கு ரொம்பப் பிடிச்சிருக்கு, இதை விடவே மாட்டேன்.) சாமியோட நெஞ்செலும்பு கீழ்த்தெருவுக்கு அடியில இருக்குன்னு சங்கம் கண்டுபிடிச்சு எல்லாரையும் காலி பண்ணச் சொல்லுது, ஜனம் திரண்டு சதுக்கத்துல வந்து உக்காருது. லட்சக்கணக்கான பேர். காவல்படை வருது, நெருப்பு உருண்டைய வீசி அடிக்கறாங்க, நாயகி தன் ரத்தத்த மண்ணுல விட்டு சாமிய எழுப்பிடறா, சாமி எந்திரிச்சு சங்கத்தோட கோபுரத்த நசுக்குது. முடிஞ்சுது.

படிச்சுப் பார்த்த மூணு பேரும் தனித்தனியா ஒரே கேள்விய கேட்டாங்க: "அப்ப அவ்ளோ ஜனம் அங்க எதுக்கு நின்னுச்சு?" என்கிட்ட பதிலே இல்ல. இந்த நாவல நான் எழுத ஆரம்பிச்சதே அந்த ஜனத்துக்காகத்தான், சாமிக்காக இல்ல. எங்க தப்பு பண்றேன்னு சொல்லுங்க, பூசி மெழுக வேண்டாம்.

நாலாவது வரிசை

உங்க சதுக்கத்துல இருந்தே ஆரம்பிக்கலாம். அது எவ்ளோ பெருசு? நீங்க எங்கயும் சொல்லல. ஒரு 80 மீட்டருக்கு 60 மீட்டர்னு வெச்சுக்குவோம், 4,800 சதுர மீட்டர் வருது, ஒரு சதுர மீட்டருக்கு நாலு பேர்னு நெருக்கமா நிறுத்தினாக்கூட இருபதாயிரத்தத் தொடாது. லட்சம்னு எழுதினீங்கன்னா அந்த ஜனம் பக்கத்துத் தெருவெல்லாம் வழிஞ்சு நிக்கணும், பின்னாடி இருக்கறவனுக்கு முன்னாடி என்ன நடக்குதுன்னே தெரியாது, அதுவே ஒரு காட்சி. 1960கள்ல அமெரிக்காவுல பெர்க்லி பல்கலைக்கழகத்துல ஹெர்பர்ட் ஜேகப்ஸ்னு ஒரு இதழியல் பேராசிரியர், அவர் ரூம் ஜன்னல்ல இருந்து கீழ நடக்கற போராட்டத்தப் பார்த்துட்டு, அந்தத் தரைல இருந்த கட்டம் ஒண்ணுக்கு எத்தனை பேர் நிக்கறாங்கன்னு எண்ணி, மொத்தக் கட்டத்தால பெருக்கித்தான் கூட்டத்த கணக்குப் போட்டார். உங்க சங்கத்துலயும் கோபுரத்து மேல இருந்து எண்றவன் ஒருத்தன் கண்டிப்பா இருப்பான். அவன் கண் வழியா ஒரு அத்தியாயம் எழுதிப் பாருங்க.

அடுத்தது, காவல்படை நெருப்பு உருண்டைய வீசுறதா எழுதியிருக்கீங்க. அதுக்குத் தேவையே இல்லைங்க. கூட்ட நெரிசல் எப்படி ஆள கொல்லும்னு தெரிஞ்சுட்டு எழுதுங்க. சதுர மீட்டருக்கு ரெண்டு பேர்னா தாராளமா நடக்கலாம். நாலஞ்சு ஆனா எல்லார் தோளும் இடிக்கும். ஆறு ஏழத் தாண்டினா நீங்க நடக்கறதில்ல, கூட்டம் உங்கள நடத்திட்டுப் போகும், தண்ணி மாதிரி அலை அலையா வரும், கால் தரையவிட்டு தூக்கிடும். அப்படி சாகறவங்க பெரும்பாலும் மிதிபட்டு சாகறதில்ல, நின்ன நிலைலயே நெஞ்சு விரிய இடமில்லாம மூச்சு முட்டி சாகறாங்க. 2010ல ஜெர்மனில டூயிஸ்பர்க்ல நடந்த இசை விழால 21 பேர் அப்படிப் போனாங்க, சுரங்கப்பாதையும் அதுலருந்து மேல ஏறுற சரிவும்தான் காரணம், யாரும் யாரையும் தாக்கல. அதனால உங்க சங்கம் ரெண்டு வாசல மூடிட்டாப் போதும். மந்திரம்னா பூட்டு அளவுக்கு மந்திரம் போதும்.

நான் பல வருஷமா கூட்டங்கள்ல வாலண்டியரா நின்னிருக்கேன், வரிசைய ஒழுங்குபடுத்தறது, மயக்கம் போட்டவங்கள வெளிய கொண்டு வர்றது. மறக்க முடியாதது என்னன்னா நெரிசல் ஏறுறப்ப சத்தம் ஏறாது, குறையும். ஜனம் பேச்ச நிறுத்திடும், மூச்ச மிச்சம் பிடிக்கும். முன்ன கத்திட்டு இருந்தவங்க எல்லாம் வாய திறந்து மேல பாத்துட்டு நிப்பாங்க. அந்த அமைதி வந்துச்சுன்னா எங்களுக்கு வயிறு கலங்கிடும். உங்க நாயகிக்கு நெஞ்சுல தூசி வேற. அவளுக்கு அந்த இடத்துல இருமல் வரும், ஆனா இரும இடம் இருக்காது. நீங்க விடமாட்டேன்னு சொன்ன அந்த விளக்கு மங்கற விஷயத்த அங்க கொண்டு வாங்க, கைல விளக்கோட நிக்கற பத்தாயிரம் பேருக்கும் ஒரு பொண்ணுக்கு மூச்சு முட்டுதுன்னு தெரிஞ்சுடும், யாரும் சொல்லாமலே பின்னாடி இருக்கறவங்க ஒரு அடி பின்னால நகருவாங்க. அது சாமி செய்யறதில்ல பாருங்க, ஜனம் செய்யறது.

பழைய ஏடு

நாலாவது வரிசை சொன்னதுல கடைசி வரி ரொம்ப சரி. நான் வேற பக்கத்துல இருந்து வர்றேன். சாமி, நகரம், நீதி கேட்டு தெருவுல இறங்கறது, இந்த மூணும் சேர்ந்த கதை நம்மகிட்ட ஏற்கனவே இருக்கு, சிலப்பதிகாரத்தோட மதுரைக் காண்டம். நாம அதை கற்போட சக்தின்னே பள்ளிக்கூடத்துல படிச்சு முடிச்சுட்டதால அந்த தெருக்காட்சிய யாரும் கவனிக்கறதில்ல.

கண்ணகி நேரா அரண்மனைக்குப் போகல. ஒத்தச் சிலம்ப கையில எடுத்துட்டு முதல்ல தெருவுக்குத்தான் வர்றா. ஊர் ஜனத்தப் பாத்து கேக்குறா, இந்த ஊர்ல பெண்கள் இருக்காங்களா, சான்றோர் இருக்காங்களா, கடைசியா, தெய்வம்னு ஒண்ணு இருக்கான்னு. அந்த வரிசைய பாருங்க. சாமிய கடைசில கேக்குறா, மனுஷங்கள முதல்ல கேக்குறா. ஜனம் பதில் சொல்லாது, கலங்கிப் போய் அழுது, அரசன் நீதி தவறிட்டான்னு புலம்புது, அதோட சரி. அவ தனியாத்தான் வாயிலுக்குப் போறா.

அப்புறம் அழற்படு காதைல, அதாவது மதுரை எரியற அத்தியாயத்துல, நெருப்பு ஊர் பூரா பரவறதுக்கு முன்னாடி ஊரக் காவல் காக்கற நாலு பூதமும் நகரத்த விட்டு வெளியேறிடும். இந்த இடம்தான் உங்களுக்கு உதவும்னு நினைக்கறேன். சாமி சண்டை போட்டு தோக்கல. நீதி போனதும் காவல் தெய்வம் வேலைய விட்டுப் போயிடுது. மிச்சம் இருக்கறது மதுராபதி, அந்த ஊரோட தெய்வம், அவளும் கண்ணகிக்கு முன்னால வர முடியாம பின்னால வந்து நின்னுதான் பேசறா. நெருப்ப நிறுத்தச் சொல்லி கட்டளை போட அவளால முடியல, ஏன் இப்படி ஆச்சுன்னு பழம்பிறப்புக் கதைய சொல்லத்தான் முடியுது. தெய்வம் ஒரு பொண்ணுக்குப் பின்னால நின்னு விளக்கம் சொல்லுது, அத்தன நூற்றாண்டுக்கு முன்னாடியே ஒரு கவி இத யோசிச்சிருக்கார்!

உங்க கதைல சாமி ஏன் எந்திரிக்கணும்? படுத்திருக்கட்டும். பேச மட்டும் செய்யட்டும். நாப்பது வருஷம் ஒரு தெருவத் தாங்கிட்டுக் கெடந்த ஒரு உடம்புக்கு அந்தத் தெருவப் பத்தி எல்லாமே தெரிஞ்சிருக்கும், எந்த வீட்டுக் குழந்தை ராத்திரி அழும், யார் யாருக்கு கடன், எல்லாம். கோபுரத்த நசுக்கற சாமிய விட அந்த சாமிகிட்டதான் எனக்கு பயம் வரும், பிரியமும் வரும்.

நின்ற சக்கரம்

எனக்கு ஒரு அடிப்படை சந்தேகம். இவங்க ஏன் சதுக்கத்துல வந்து உக்காரணும்? படத்துலயும் டிவிலயும் பாத்து பாத்து போராட்டம்னாலே சதுக்கம், கொடி, கோஷம்னு மனசுல பதிஞ்சு போச்சு. உங்க நாயகி ஒரு தொழிலாளி. ஊரோட மொத்த வெளிச்சமும் அவ கையால அரைச்ச பொடில எரியுது. அவளும் பட்டறைல இருக்கற மத்தவங்களும் கைய எடுத்துட்டா மூணாவது நாள் மேடான தெருவுக்கு தண்ணி ஏறாது. அத விட்டுட்டு சதுக்கத்துல போய் அடி வாங்கணும்னு ஏன் வெச்சீங்க?

வேலைநிறுத்தம்னு வரலாற்றுல எழுதி வெச்சதுல மிகப் பழசு எதுன்னு பாருங்க. எகிப்துல, கி.மு. 1150 வாக்குல, மூணாம் ராம்சேஸோட 29வது ஆட்சியாண்டுல. செஞ்சவங்க யாருன்னா அரசர்களுக்கு கல்லறை குடையற கைவினைஞர்கள், டெய்ர் எல் மெதினாங்கற ஊர்க்காரங்க. அந்த ஊர்ல அரசன்னா தெய்வம், அந்த தெய்வத்துக்கு சாவுக்கப்புறம் வீடு கட்டறவங்க இவங்க. கூலியா வர வேண்டிய தானியம் நாள் கணக்கா வரல. கருவிய கீழ போட்டுட்டு நடந்து போய் பழைய அரசன் ஒருத்தனோட கோயிலுக்குப் பின்னாடி உக்காந்துட்டாங்க. பசிக்குதுன்னு சொன்னாங்க. அவ்ளோதான் கோரிக்கை. பாக்கி தானியம் வந்துச்சு, அப்புறமும் இழுத்தடிச்சாங்க, திரும்பத் திரும்ப உக்காந்தாங்க. இத ஒரு எழுத்தர் பாப்பிரஸ்ல குறிச்சு வெச்சதாலதான் நமக்கே தெரியுது, அந்த ஏடு இப்ப இத்தாலில டூரின்ல இருக்கு.

இத நான் சொல்றதுக்குக் காரணம், உங்க கதைல ரெண்டு வகை ஜனம் இருக்கு, ஆனா நீங்க ஒண்ணாக் கொட்டிட்டீங்க. சாமி திரும்ப வரணும்னு நினைக்கற பக்திக்காரங்க ஒரு பக்கம், எலும்ப அரைச்சு வயித்தக் கழுவற தொழிலாளிங்க இன்னொரு பக்கம். பக்திக்காரங்க பார்வைல உங்க நாயகி யாரு? சாமியோட உடம்ப அரைக்கிற பாவி. அவ பக்கத்துல உக்காருவாங்களா? முதல் நாள் சத்தியமா மாட்டாங்க. அந்த சண்டை உங்க சுருக்கத்துல எங்கயுமே இல்ல, உங்க நாவலே அதுதான்னு எனக்குப் படுது.

நாலாவது வரிசை

மேல சொன்னதோட முழுசா ஒத்துப் போறேன், ஒண்ணே ஒண்ணு தவிர. சதுக்கம் வேணும். வேலைய நிறுத்தினவன் வீட்டுல தனியா உக்காந்தா ரெண்டாவது நாளே பயம் வந்துடும், பக்கத்துல ஆள் இருக்குன்னு கண்ணால பாக்கணும். ரெண்டு எதிரிக் கூட்டம் ஒண்ணாகறதுக்கு கி.பி. 532ல கான்ஸ்டான்டிநோபிள்ல (இப்ப இஸ்தான்புல்) நடந்தத படிங்க. தேரோட்டப் போட்டில நீலக் கட்சி, பச்சைக் கட்சின்னு ஜென்மப் பகை. ரெண்டு கட்சிலயும் ஆளுக்கு ஒருத்தன் தூக்குல போட்டும் சாகாம பிழைச்சுடறான், ஜனம் விட்டுடுங்கன்னு கேக்குது, ஜஸ்டினியன் பேரரசர் மசியல. அடுத்த போட்டி நாள்ல ஆளாளுக்கு அவங்க கட்சி பேரக் கத்திட்டு இருந்தவங்க சாயங்காலம் ஆக ஆக ஒரே வார்த்தைய கத்த ஆரம்பிக்கறாங்க, "நிகா", ஜெயின்னு அர்த்தம். ஊர் பாதி எரிஞ்சுச்சு. கடைசில அதே மைதானத்துல கூட்டத்த அடைச்சு வெச்சு படை வெட்டிச்சு, முப்பதாயிரம் பேர்னு அந்தக் காலத்து வரலாற்றாசிரியர் ப்ரொகோப்பியஸ் எழுதி வெச்சிருக்கார். நான் முதல்ல சொன்ன மூடின வாசல்தான் இதுவும்.

எதிரொலி

யாரும் சத்தத்தப் பத்தி பேசல, அதனால நான். 2011ல நியூயார்க்ல வால்ஸ்ட்ரீட் பக்கத்துல ஒரு பூங்காவ பிடிச்சு போராட்டம்னு உக்காந்தாங்களே, அங்க அனுமதி இல்லாம ஒலிபெருக்கி வெக்கக் கூடாது. என்ன பண்ணாங்கன்னா பேசறவர் நாலஞ்சு வார்த்தை சொல்லி நிறுத்துவார், பக்கத்துல இருக்கறவங்க அதையே சேர்ந்து சொல்லுவாங்க, கூட்டம் பெருசா இருந்தா அவங்களுக்குப் பின்னாடி இருக்கறவங்க இன்னொரு முறை. ஒரு வாக்கியம் அலை மாதிரி பின்னாடி போகும்.

இத உங்க கதையோட பொருத்திப் பாருங்க. உங்க ஊர் சாமி உயிர் வாழ்ந்ததே ஜனம் சேர்ந்து சொன்ன சத்தியத்துல. சங்கம் கூட்டத்தோட குரல மந்திரம் போட்டு அடக்கிடுதுன்னு வைங்க, சத்தம் பத்தடிக்கு மேல போகாது. அப்ப ஜனம் இந்த முறைல வார்த்தைய கை மாத்தி கை மாத்தி கொண்டு போகுது. தண்ணி எங்க கெடைக்கும், யாருக்கு அடிபட்டிருக்கு, எந்த வாசல் மூடியிருக்கு, எல்லாம் சாதாரண விஷயம்தான். ஆனா நாப்பது வருஷத்துல முதல் முறையா அந்த ஊர் ஒரே வார்த்தைய சேர்ந்து சொல்லுது. கீழ கெடக்கற உடம்புக்கு அது கேட்கும் இல்லையா? யாரும் எழுப்பணும்னு நினைக்கல, அடிபட்ட ஒருத்தர் பேர பின்னாடி வரைக்கும் சொல்லிட்டு இருக்காங்க, தரை லேசா சூடாகுது.

இந்த முறைல இன்னொண்ணு இருக்கு. உனக்குப் பிடிக்காத ஒருத்தன் பேசினாலும் அவன் வார்த்தைய உன் வாயால நீ சொல்லணும், இல்லன்னா பின்னாடி இருக்கறவனுக்கு போய் சேராது. பக்திக்காரக் கிழவி ஒருத்தி, எலும்பு அரைக்கிறவ சொன்னத தன் வாயால சொல்ல வேண்டி வருது. "நான் உங்க சாமிய அரைச்சேன்"னு உங்க நாயகி சொல்றா, கிழவி அத அப்படியே "நான் உங்க சாமிய அரைச்சேன்"னு சொல்லணும். அந்த இடத்துல கிழவிக்கு குரல் உடையும். இத நினைக்கறப்பவே எனக்கு புல்லரிக்குது, தயவு செஞ்சு எழுதுங்க.

விளக்குத்திரி

நேத்து ராத்திரி பூரா இதையே திரும்பத் திரும்ப படிச்சுட்டு இருந்தேன், எல்லாருக்கும் மனசார நன்றி. கோபுரத்த நசுக்கற அத்தியாயத்த எடுத்துட்டேன், பதினோராயிரம் வார்த்தை, வருத்தம்லாம் இல்ல. கிழவி காட்சிதான் முதல்ல எழுதினேன். ஆனா எழுதறப்ப ஒண்ணு மாறிடுச்சு, கிழவி அந்த வாக்கியத்த சொல்லல. வாய மூடிக்கறா. பின்னாடி இருக்கற ஆயிரம் பேருக்கு அந்த வார்த்தை போகாம நிக்குது, எல்லாரும் அவளையே பாக்கறாங்க. நாயகி இருமறா, கிழவி கைல இருக்கற விளக்கு மங்குது. அப்பதான் கிழவிக்குப் புரியுது, இத்தன வருஷமா அவ சாமி படத்துக்கு முன்னாடி ஏத்தி வெச்ச விளக்கும் இதே பொடிலதான் எரிஞ்சிருக்குன்னு. அதுக்கப்புறம் சொல்றா. "நான்"ங்கற வார்த்தைய மட்டும் ரெண்டு தடவ சொல்றா.

வேலைநிறுத்தத்த மூணு நாள் முன்னாடி தள்ளி வெச்சுட்டேன், சதுக்கம் அதுக்கப்புறம் வருது, அதுவும் பன்னெண்டாயிரம் பேர்தான், கோபுரத்துல இருந்து எண்றவன் தப்பா எண்ணி மேல சொல்றான். சாமி எந்திரிக்காது. பேசுமா இல்லையான்னு இன்னும் முடிவு பண்ணல. பேசினா யாரோட குரல்ல பேசும்னு தெரியல.

பழைய ஏடு

கிழவியோட குரல்ல வேண்டாம், நாயகியோட குரல்லயும் வேண்டாம். அந்த அலையோட கடைசில, வாசல் பக்கத்துல, முன்னாடி யாரு பேசறாங்கன்னே தெரியாம வார்த்தைய மட்டும் திருப்பிச் சொல்லிட்டு நிக்கற யாரோ ஒருத்தர் இருப்பார் இல்ல, அவருக்கு முன்னாடி இருந்து வராத ஒரு வார்த்தை அவர் வாயில வரட்டும்.

விளக்குத்திரி

அந்த ஆள் இதுவரைக்கும் கதைலயே இல்ல. இன்னிக்கு ராத்திரி அவர தேடிப் பிடிக்கறேன்.